கடைமடைப் பயிர்

1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். ஆண்டுத் தேர்வின் முடிவைப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அடுத்த வகுப்பிற்குச் செல்லத் தகுதி பெற்றவர்களின் பெயர்கள் அத்தாளில் வரிசையாக எழுதப்பெற்றிருந்தன. அவ்வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன். கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தேன். என் பெயர் இல்லை. உடன் வந்த நண்பர்கள் தத்தம் பெயர்களைக் கண்டு ஆரவாரம் செய்தனர். நான் ஒருவரும் அறியாவண்ணம் பின்வாசல் வழியாக வெளியேறி, வாய்க்கால் கரையிலேயே நடந்து வீடு சேர்ந்தேன்.

காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்று பாயும் சிற்றூர் எங்களுடையது. என் தந்தையார் பிறர் வயலில் கூலி வேலை செய்பவர். மாலையில் அவர் வந்ததும் செய்தியைச் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. “தலையில் எழுதியது அவ்வளவுதான்” என்று கூறிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டார். செய்தி கேட்டு வந்த மாமா, “ஊர் சுற்றும் பிள்ளைக்குப் படிப்பு எப்படி வரும்? எல்லாம் சோம்பல்” என்றார். எதிர்வீட்டுப் பெரியவர், “சோம்பல் என்ன செய்யும்? சிலருக்குப் படிப்பு ஏறாது. அதற்கென்று ஒரு மூளை வேண்டும்” என்றார். என் தாயார் மட்டும் ஒன்றும் கூறவில்லை. நாள்தோறும் இடுவதைப் போலவே அன்றும் எனக்குச் சோறிட்டார்.

விதி, சோம்பல், மந்தபுத்தி என்னும் மூன்று காரணங்கள் அன்று என் தோல்விக்குக் கூறப்பெற்றன. இன்றும் பெரும்பாலான வீடுகளில் இம்மூன்றையே கூறக் கேட்கின்றேன். இம்மூன்றும் எளிய விடைகள். ஆதலின் விரைவில் நாவில் வந்துவிடுகின்றன. விதி என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மந்தபுத்தி என்றாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சோம்பல் என்றால் பிள்ளையை அடிப்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. உண்மையான காரணத்தைத் தேடும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிப்பவை இவை. என் தோல்விக்கு இம்மூன்றும் காரணமல்ல என்பதை எனக்குக் காட்டியவர் ஒருவர் உண்டு.

எங்கள் தெருவின் கோடியில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். செய்தி கேட்டு அவரே என்னை அழைத்தனுப்பினார். நான் தலைகுனிந்து நின்றேன். “எந்தப் பாடத்தில் தவறினாய், தம்பி?” என்றார். “கணக்கில், ஐயா” என்றேன். “கணக்கில் என்றால் போதாது. கணக்கில் எங்கே?” என்று கேட்டார். அவ்வினா எனக்குப் புதிதாக இருந்தது. தோல்விக்கு ஓர் இடம் உண்டு என்று நான் அதுவரை எண்ணியதே இல்லை. எங்கும் பரவிய இருளைப் போலவே அதனைக் கருதியிருந்தேன்.

அவர் என்னைத் திண்ணையில் அமர்த்தி, ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் தந்தார். முதலில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தார், எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தார், தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் சிறிது தெரிந்தது, முடிக்க இயலவில்லை. இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கி வந்தவர், இறுதியாக அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்பதைப் பின்னமாக எழுதிக் காட்டும்படி கூறினார். நான் தயங்காமல் மேலெண்களைக் கூட்டி மேலேயும், கீழெண்களைக் கூட்டிக் கீழேயும் எழுதி, 2/6 என்று காட்டினேன்.

அவர் நகைக்கவில்லை. உள்ளே சென்று அரைப்படியும் கால்படியும் கொண்டுவந்தார். முன்னால் இருந்த நெற்குவியலிலிருந்து அரைப்படி அளந்து முறத்தில் கொட்டச் செய்தார்; அதன்மேல் கால்படி கொட்டச் செய்தார். “இப்பொழுது முறத்தில் இருப்பது எவ்வளவு?” என்றார். “முக்கால் படி” என்றேன். “நீ பலகையில் எழுதியது ஆறில் இரண்டு; அஃதாவது மூன்றில் ஒன்று. அது அரையைவிடப் பெரிதா, சிறிதா?” என்றார். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “சிறிது” என்றேன். “அரைப்படி நெல்லின்மேல் இன்னும் கால்படி கொட்டினால், உள்ளதும் குறைந்துபோகுமா?” என்று கேட்டார். என் கையிலிருந்த சுண்ணக்கட்டி நழுவி விழுந்தது. நெல்லளக்கத் தெரிந்த எனக்குப் பின்னம் தெரியவில்லை என்பதையும், அவ்விரண்டும் ஒன்றே என்பதையும் அக்கணமே உணர்ந்தேன்.

“ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்தியபொழுது நீ எங்கே இருந்தாய்?” என்று அவர் வினவினார். அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. அவ்வாண்டு எனக்கு அம்மை கண்டிருந்தது. உடல் தேறியபின் அறுவடைக் காலம் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் வயலுக்குச் சென்றமையால், கைக்குழந்தையாக இருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் நின்றுவிட்டேன். ஏறத்தாழ ஆறு வாரம் கழித்துப் பள்ளிக்குச் சென்றபொழுது வகுப்பு வேறு பாடத்திற்குச் சென்றுவிட்டது. விட்டுப்போன பாடத்தை ஒருவரும் எனக்குக் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆசிரியர் கூறியவை இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன: “கடைமடையில் பயிர் வாடுகிறது. வந்து பார்ப்பவர்கள் மண் கெட்டது என்கிறார்கள்; விதை கெட்டது என்கிறார்கள். ஒருவரும் வாய்க்கால் வழியே மேலேறிச் சென்று பார்ப்பதில்லை. நாலு மைல் தொலைவில் கரை உடைந்திருக்கிறது. உடைப்பை அடைத்துவிட்டால் நீர் தானே வரும். உனக்கு உடைப்பு ஐந்தாம் வகுப்பில். நீ ஒன்பதாம் வகுப்பில் நின்று அழுகிறாய்.”

அக்கோடையில் மூன்று வாரங்கள் அவருடைய திண்ணையே எனக்குப் பள்ளி. படியும் உழக்கும் கொண்டு பின்னத்தைக் கற்றேன். பின்னம் விளங்கியபின் விகிதம் விளங்கியது. விகிதம் விளங்கியபின் சமன்பாடு விளங்கியது. மறுமுறை ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்தபொழுது, முன்னாண்டில் இருண்டு கிடந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெறுவதைக் கண்டேன். என் மூளை மாறிவிடவில்லை. என் விதியும் மாறிவிடவில்லை. உடைப்பு அடைபட்டது, அவ்வளவே.

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால், யான் பெற்ற நன்மையைக் கூறி மகிழ்ந்து அமைவேன். ஆனால், இதன்பின் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதனைக் கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

படித்து முடித்து 1984-ஆம் ஆண்டில் நானும் ஆசிரியன் ஆனேன். சில ஆண்டுகளில், எந்த மாணவன் தேர்ச்சி பெறுவான், எவன் தவறுவான் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே கூறும் திறமை எனக்கு வந்துவிட்டதாகக் கருதினேன். 1991-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அமைதியானவன், கடைசி வரிசையில் இருப்பவன். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் அவனுடைய விடைத்தாளைக் காட்டி, “இவன் தேறமாட்டான், வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்று கூறினேன். பொதுத்தேர்வின் முடிவு 1992-ஆம் ஆண்டு கோடையில் வந்தது. அவன் தேறவில்லை. “நான் அப்பொழுதே சொன்னேன் அல்லவா?” என்று உடன் பணிபுரிவோரிடம் பெருமையோடு கூறினேன்.

சில நாட்கள் கழித்து அவனுடைய தாயார் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தார். மகனைத் திருப்பூரில் பனியன் ஆலை ஒன்றில் வேலைக்கு அனுப்பப்போவதாகக் கூறினார். புறப்படும்பொழுது தயங்கி நின்று, “ஐயா, என் மகன் தேறமாட்டான் என்று உங்களுக்கு முன்னரே தெரியுமாமே? அவனே சொன்னான். தெரிந்திருந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” என்றார். அவர் குரலில் சினமில்லை, ஏக்கமே இருந்தது. ஆசிரியர் அறையில் நான் கூறியது அவன் செவிக்கும் எட்டியிருந்தது என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அதனைக் கேட்டபின் எட்டுத் திங்கள் என் வகுப்பில் அவன் அமர்ந்திருந்தான். அவ்வெட்டுத் திங்களும் என் முகத்தைப் பார்க்கும்பொழுதெல்லாம் அவன் என்ன எண்ணியிருப்பான்!

அன்று மாலை அவ்வாண்டின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். சூன் மாதத்தில் அவன் இரண்டு நாள் வரவில்லை. சூலையில் நான்கு நாள். ஆகஸ்டில் ஐந்து நாள். கூர்ந்து பார்த்தபொழுது அவற்றுள் பெரும்பாலானவை திங்கட்கிழமைகளாக இருந்தன. திங்கட்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை கூடும் நாள். அவன் தன் மாமனோடு விடியற்காலையில் காய்கறி மூட்டை இறக்கச் சென்றிருக்கிறான். கணக்கில் புதிய பாடத்தை நான் தொடங்குவது வழக்கமாகத் திங்கட்கிழமைகளில்தான். ஆகவே, ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்தையும் அவன் இழந்திருந்தான். நடுவில் வந்து அமர்ந்து, விளங்காமல் விழித்திருந்தான். அவனுடைய உடைப்பு என் கைப்பட எழுதிய பதிவேட்டிலேயே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று குறைப்பட்ட நான், அவனைக் கேட்கவில்லை.

மாணவர்களே! கடற்கரை ஊர்களில் வாழ்வோர் புயல் எச்சரிக்கைக் கூண்டை அறிவார்கள். கடலில் புயல் உருவாகும்பொழுது நாகப்பட்டினம், கடலூர் முதலிய துறைமுகங்களில் அக்கூண்டினை ஏற்றுவார்கள். எதற்காக ஏற்றுகிறார்கள்? படகுகள் கரை சேரவும், மக்கள் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவும் ஏற்றுகிறார்கள். புயல் அடித்து ஓய்ந்தபின், “நாங்கள் கூண்டு ஏற்றினோம், சொன்னபடியே படகுகள் மூழ்கின” என்று ஓர் அலுவலர் மகிழ்ந்தால் அவரை என்னவென்று கூறுவோம்? நான் செய்தது அதுவே. காப்பதற்கென்று முன்கூட்டி அறிவது அறிவு. காவாமல் முன்கூட்டிக் கூறுவது வெறும் சோதிடம்.

இப்பிழையை நான் ஒருவன் மட்டுமே செய்தேன் என்று எண்ண வேண்டா. பிரான்சு நாட்டின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பள்ளிப் படிப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கு எவ்வாறு உதவுவது என்று ஆராய, அந்நாட்டு அரசு 1904-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்பிரட் பினே என்னும் உளநூல் அறிஞர், தியோடர் சைமன் என்பவருடன் சேர்ந்து 1905-இல் ஓர் அளவையை வெளியிட்டார். தனி உதவி எவர்க்குத் தேவை என்பதைக் காண்பதே அவ்வளவையின் நோக்கம். ஒருவனுடைய அறிவு என்றும் மாறாத ஓர் அளவு என்று கூறுவோரைப் பினே 1909-இல் தம் நூலில் மறுத்துரைத்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்பது அவர் கொள்கை. 1911-இல் அவர் மறைந்தபின், பிற நாடுகளில் பலர் அவ்வளவையைக் கையிலெடுத்து, “இவன் அறிவு இவ்வளவே” என்று முத்திரை குத்தப் பயன்படுத்தினர். உதவுதற்கென்று செய்த விளக்கு, ஒதுக்குதற்கென்று சுட்டும் விரலாயிற்று.

அதற்கு மாறாக, நற்பயன் விளைத்த முயற்சியும் உண்டு. அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் பலர் இடையில் நின்றுவந்தனர். அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டிலும் 2007-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகள் ஓர் உண்மையை எடுத்துக்காட்டின. மாணவன் முன்னர்ப் பெற்ற தேர்வு மதிப்பெண்களைவிட, ஒன்பதாம் வகுப்பில் அவன் எத்தனை நாள் வந்தான், எத்தனை பாடங்களில் தவறினான் என்பவையே அவன் படிப்பை முடிப்பானா என்பதைத் தெளிவாக அறிவித்தன. இதனை அறிந்த பள்ளிகள், வருகை குறையத் தொடங்கிய மாணவர்களை அவ்வப்பொழுதே கண்டு, காரணம் கேட்டு, உதவி செய்தன. பின்வந்த ஆண்டுகளில் அந்நகரில் படிப்பை நிறைவு செய்வோர் தொகை உயர்ந்தது. என் பழைய பதிவேடு எனக்குக் காலம் கடந்து கூறியதை, அவர்கள் காலத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

1992-ஆம் ஆண்டிற்குப் பின், சூலைத் திங்கள் முடிந்தவுடன் பதிவேட்டையும் முதல் தேர்வின் மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டேன். ஐயத்திற்கு இடமானவர்களிடம் தனியே பேசினேன். தேவையானபொழுது வீடுகளுக்கும் சென்றேன். தோல்விக்குக் காரணங்கள் எத்தனை வகைப்படும் என்பதை அவ்வாறுதான் கற்றேன்.

ஒருவன் கரும்பலகையைப் பார்த்து எழுதும்பொழுதெல்லாம் தவறாகவே எழுதினான். கவனக்குறைவு என்று எல்லாரும் கருதினோம். கண் மருத்துவர் பார்த்தபின் மூக்குக்கண்ணாடி அணிந்தான், தவறுகள் நின்றன. ஒருத்தி முற்பகல் வகுப்புகளில் சோர்ந்து சாய்வாள். அவள் காலையில் உண்ணாமல் வருகிறாள் என்பது வீட்டிற்குச் சென்றபின் தெரிந்தது. பசித்த வயிற்றோடு படிக்க இயலாது என்பதை நம் நாடு முன்னரே உணர்ந்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் அளிக்கத் தொடங்கினர். இவை இரக்கத்தால் இட்ட சோறு மட்டுமல்ல. கல்வித் தோல்வியை வருமுன் தடுக்கும் கரைகளுமாம்.

வேறு சிலர் நாள்தோறும் வந்தனர், நெடுநேரம் படித்தனர், ஆயினும் தவறினர். அவர்களுடைய குறை படிக்கும் முறையில் இருந்தது. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழித்து ஒரே பாடத்தைப் பத்துமுறை படிப்பார்கள். படிக்கும்பொழுது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தேர்வுக் கூடத்தில் ஒன்றும் நினைவுக்கு வாராது. எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர் 1885-ஆம் ஆண்டில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து வெளியிட்டார். கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது. பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்று கண்டார். இடைவிட்டு மீண்டும் மீண்டும் படித்தால் அம்மறதியை வெல்லலாம்.

2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் மற்றோர் உண்மையைக் காட்டினர். ஒரு சாராரைப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒருமுறை படித்தபின் பாராமல் எழுதிப் பார்க்கச் செய்தனர். ஐந்து நிமிடத்தில் வினவியபொழுது திரும்பப் படித்தவர்களே மிகுதியாகக் கூறினர். ஒரு வாரம் கழித்து வினவியபொழுதோ, பாராமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். எனவே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நமக்கு நாமே வினாக் கேட்டுக்கொள்வது சிறந்த முறை. அப்பொழுது தெரியாதவை வெளிப்படும். நெஞ்சு சிறிது வருந்தும். ஆயினும், அவ்வருத்தம் தேர்வுக் கூடத்தில் வருவதைவிட வீட்டுத் திண்ணையில் வருவது நன்றன்றோ?

இக்காரணங்கள் எல்லாவற்றையும் வளர்ப்பது நாணம். தெரியாததைத் தெரியாது என்று கூற நாணுகிறோம். எல்லாரும் தலையசைக்கும்பொழுது நாமும் தலையசைக்கிறோம். இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஒருவரையும் நிறுத்திவைப்பதில்லை. பிஞ்சு உள்ளங்களைத் தோல்வி சுடாமல் காப்பது நல்லதே. ஆனால், வகுப்பு மேலே ஏறினால் விட்டுப்போன பாடமும் தானே கூடவே ஏறிவராது. அது வந்த வழியிலேயே நின்றுவிடும். அதனைத் திரும்பிச் சென்று அழைத்துவருபவர் நாமே ஆதல் வேண்டும். கீழ் வகுப்புப் புத்தகத்தை மீண்டும் எடுத்துப் படிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கற்றவன்.

இவ்வளவு செய்தும் தோல்வி நேர்ந்தால் என்ன செய்வது? சிலர் கணிதமேதை இராமானுசன் தேர்வில் தவறியதைக் கூறித் தேறுதல் சொல்வார்கள். அது உண்மையே. 1904-ஆம் ஆண்டில் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் மட்டுமே உள்ளம் தோய்ந்து, பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் படித்தும், எஃப்.ஏ. என்னும் கல்லூரித் தேர்வில் 1906-இலும் 1907-இலும் தவறினார். ஆயினும், தோல்விதான் அவரை உயர்த்தியது என்று எண்ணுவது தவறு. தோல்வி அவருக்கு வறுமையையும் அலைச்சலையுமே தந்தது. தம் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு அவர் உதவி தேடிச் சென்றார். அவர் திறமையை உணர்ந்த சிலர் கைகொடுத்தனர். அவரும் உழைப்பை ஒருநாளும் நிறுத்தவில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். 1918-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். தேர்வு ஒருவனுடைய முழு அளவன்று என்பது இதனால் விளங்கும். கைகொடுப்போர் இன்மையால் எத்தனை பேர் வெளிப்படாமலே போயினரோ என்னும் அச்சமும் உடன் எழும்.

ஆதலின், தவறியவர் ஒளிந்துகொள்ளலாகாது. நான் சென்றதுபோலப் பின்வாசல் வழியாகச் செல்ல வேண்டா. இக்காலத்தில் பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு நடத்துகிறார்கள், ஆண்டு வீணாவதில்லை. மனம் பெரிதும் உடைந்தால் பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ அன்றே வாய்விட்டுக் கூறிவிடுங்கள். மதிப்பெண் தாள் ஒரு தாளே. அதனைவிட உங்கள் உயிர் உங்கள் வீட்டாருக்கு எத்துணைப் பெரிது என்பதை, அன்று ஒன்றும் பேசாமல் எனக்குச் சோறிட்ட என் தாயாரை நினைக்கும்பொழுதெல்லாம் உணர்கின்றேன்.

நான் எல்லாரையும் காத்துவிட்டேன் என்று கூற இயலாது. சிலருடைய வீட்டுத் துன்பம் என் ஆற்றலைக் கடந்திருந்தது. சிலரைக் காண்பதற்குள் காலம் கடந்திருந்தது. ஆனால், ஒருவரைப் பற்றியும் “இவன் தேறமாட்டான்” என்று மீண்டும் கூறியதில்லை. அச்சொல் நாவில் எழும்பொழுதெல்லாம், “இவனுக்கு உடைப்பு எங்கே?” என்று மாற்றிக் கேட்டுக்கொண்டேன்.

2015-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். அவளைச் சேர்க்க வந்த தந்தையை நான் அடையாளம் காணவில்லை. அவரே தம் பெயரைச் சொன்னார். திருப்பூரில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். 1991-ஆம் ஆண்டின் கடைசி வரிசை என் கண்முன் வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி, “அதெல்லாம் எப்பொழுதோ முடிந்தது, ஐயா” என்றார். முடியவில்லை என்பது இருவருக்கும் தெரியும். சிறிது நேரம் பேசாமல் நின்றவர், மகளின் தோளைத் தொட்டு, “திங்கட்கிழமைகளில் இவளைத் தவறாமல் அனுப்பிவிடுவேன், ஐயா” என்றார்.

அவ்வாண்டு முழுவதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெயர் கூப்பிடும்பொழுது, அப்பெண்ணின் பெயர் வரும் இடத்தில் என் குரல் சிறிது தாழும். “உள்ளேன், ஐயா” என்று அவள் விடை கூறியபின்னரே அடுத்த பெயருக்குச் செல்வேன்.

மாணவர்களே! உங்களுள் எவருக்கேனும் ஒரு பாடம் இருண்டு கிடக்கிறதா? வாடிய பயிரின்முன் நின்று கலங்காதீர்கள். வாய்க்கால் வழியே மேலேறிச் செல்லுங்கள். எந்த வகுப்பில், எந்த வாரத்தில், எந்தப் பாடத்தில் கரை உடைந்தது என்று தேடுங்கள். கண்டுபிடித்ததும் அருகில் இருப்பவரைக் கூவி அழையுங்கள். உடைப்பை ஒருவனாக அடைப்பது அரிது. இருவர் சேர்ந்தால் எளிது.